நடுவில் உட்கார்ந்தவன்

1

இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளை எங்கே வைப்பது என்பதைப் பற்றி இந்தப் பத்திரிகையில் எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது. கவிதையையும் பிரக்ஞையையும் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் இது கடைத்தெருச் சமாச்சாரம் போலத் தோன்றலாம். ஆனால் ஒரு மனிதன் முப்பத்திரண்டு வருஷங்கள் தன் வீட்டுக் கூடத்தில் ஒரே நாற்காலியில், ஒரே கோணத்தில் உட்கார்ந்து சங்கீதம் கேட்டிருக்கிறான் என்றால், அதில் அவனுடைய ரசனை எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு அவன் பிறரோடு வாழ்ந்த விதமும் இருக்கிறது. ரசனையைப் பற்றி நான் நிறையப் பேசியாகிவிட்டது. மற்றதைப் பேசியதில்லை.

1989-ல் திருச்சியில் பி.எஃப். கடன் போட்டு ஒரு ஸ்டீரியோ வாங்கினேன். ஆம்ப்ளிஃபயர் கடையில் வாங்கியது. பெட்டிகள் சென்னை ரிச்சி தெருவில் ஒருவர் கட்டிக் கொடுத்தவை. முக்கால் அங்குலப் பலகை, ஒரு ஆள் தனியாகத் தூக்க முடியாத கனம். அவற்றை லாரி சர்வீஸில் போட்டுக் கொண்டுவந்து, கூடத்தில் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வைத்தேன். இரண்டுக்கும் இடையே இரண்டு மீட்டர். என் பிரம்பு நாற்காலிக்கு ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் அதே இரண்டு மீட்டர். சமபக்க முக்கோணம், நாற்காலியிலிருந்து பார்த்தால் பெட்டிகளுக்கு நடுவே 60 டிகிரி. சிவப்புத் தரையில் நாற்காலிக் கால்களுக்கு வெள்ளைப் பெயிண்டால் நான்கு புள்ளிகள் வைத்தேன். வீடு பெருக்கும்போது நாற்காலியை நகர்த்தினால் திரும்ப அந்தப் புள்ளிகளின் மேல்தான் வைக்க வேண்டும். அது வீட்டுச் சட்டம்.

வேறு சட்டங்களும் இருந்தன. பாட்டு ஓடும்போது ஃபேன் கூடாது; மெல்லிய சத்தங்களை அது விழுங்கிவிடும். மிக்ஸி கூடாது. குக்கர் வைப்பதானால் முன்னாலேயே வைத்து இறக்கிவிட வேண்டும். திருச்சியில் மே மாதம் ஃபேன் இல்லாத கூடம் எப்படி இருக்கும் என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். நான் வியர்வை வழிய உட்கார்ந்து கேட்டேன். எனக்கு அது தவம் மாதிரி இருந்தது. என் மனைவிக்கும் மகளுக்கும் அது என்னவாக இருந்தது என்று யோசிக்கவில்லை.

2

அந்த நாற்காலியில் எனக்கு என்ன கிடைத்தது என்பதைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் ஏன் அப்படி நடந்துகொண்டேன் என்பது விளங்காது.

கச்சேரி மேடையில் பாடகரின் வலக்கைப் பக்கம் மிருதங்கம், இடக்கைப் பக்கம் வயலின். எதிரே இருப்பவனுக்கு இடதில் மிருதங்கம், வலதில் வயலின். நான் அதிகமாகக் கேட்ட ஒரு பதிவில் இந்த அமைப்பு அப்படியே இருந்தது. இடது பெட்டியில் மிருதங்கம். வலது பெட்டியில் வயலின். பாடகரோ இரண்டு பெட்டிகளிலும் சரிசமமாக இருந்தார். இரண்டு பக்கமிருந்தும் ஒரே குரல், ஒரே அளவில், ஒரே கணத்தில் வந்து சேர்ந்தால் மனம் அதை இரண்டாகக் கேட்பதில்லை. நடுவே, பெட்டியே இல்லாத இடத்தில், வெறும் சுவருக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்து பாடுகிறார். கண்ணை மூடிக்கொண்டால் அவர் வாய் இருக்கும் இடத்தைக் கைநீட்டிக் காட்டிவிடலாம். ஒலி சாஸ்திரக்காரர்கள் இந்த நடு உருவத்துக்கு ஆவி என்று பொருள்படும் ஒரு சொல்லை வைத்திருக்கிறார்கள். பொருத்தமான சொல்தான். ஸ்தூலமாக அங்கே ஒன்றும் இல்லை.

இந்த ஆவி ஒரே இடத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. ஒரு மீட்டரைக் கடக்க ஒரு விநாடியை ஆயிரமாகப் பங்கிட்டால் அதில் மூன்று பங்கு ஆகும். ஒரு பெட்டியின் ஒலி மற்றதைவிட அப்படி ஒரே ஒரு பங்கு முந்திவிட்டால் போதும், நடுவில் இருந்த குரல் முந்திய பெட்டிக்குள் போய் விழுந்துவிடும். என்னுடைய முக்கோணத்தில் அந்த வித்தியாசம் ஏற்பட, பக்கவாட்டில் ஒரு முழம்கூட நகர வேண்டியதில்லை. எது முதலில் வந்ததோ அதையே மனம் திசைக்கு ஆதாரமாகக் கொள்கிறது. சற்றுப் பிந்தி வருவது அதைவிட உரத்ததாக இருந்தாலும் அதைத் தனியாகக் கேட்பதில்லை. 1949-ல் ஜெர்மனியில் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹெல்முட் ஹாஸ் செய்த ஆய்வுக்குப் பிறகு இந்த விளைவை அவர் பெயராலேயே சொல்கிறார்கள்.

என் மனைவி உட்காரும் இடம் வலது பெட்டிப் பக்கம், சமையலறை வாசலை ஒட்டிப் போட்டிருந்த மடக்கு நாற்காலி. நடுக்கோட்டிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி. இடது பெட்டியின் ஒலி அவளை ஆயிரத்தில் நான்கு பங்கு தாமதமாக எட்டியது, மெலிந்தும் எட்டியது. ஆகவே அவளைப் பொறுத்தவரை பாடகர் வயலின்காரரின் மடியில் உட்கார்ந்திருந்தார். மிருதங்கம் அடுத்த வீட்டில் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

வாங்கிய முதல் வாரமே அவள் கேட்டாள்: “எனக்கு எல்லாம் இந்தப் பொட்டியிலேருந்துதான் வருது. அந்தப் பொட்டி எதுக்குங்க?”

நான் சிரித்தேன். அவளை என் நாற்காலியில் பத்து நிமிஷம் உட்கார வைத்து விளக்கினேன். “ஆமா, நடுவில இருக்காரு” என்றாள். அடுப்பில் பால் இருந்தது. எழுந்து போனாள். நான் என் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன். பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. அவளுக்குச் சங்கீதத்தில் ஈடுபாடு இல்லை என்று நான் தீர்மானித்தேன். நண்பர்களிடம் அப்படிச் சொல்லியும் இருக்கிறேன்.

3

இந்தச் சாதனங்களைப் பற்றிய பேச்சில் அடிப்படையான சொல் ஹை-ஃபை. அதன் நேர் அர்த்தம் உயர்ந்த விசுவாசம். எதற்கு விசுவாசம் என்று கேட்டால் உடனே வரும் பதில், மூல இசைக்கு என்பது. இந்தப் பதில் எனக்கு நீண்ட காலம் போதுமானதாக இருந்தது.

1915 முதல் சுமார் பத்து வருஷங்கள் எடிசனின் கம்பெனி அமெரிக்காவில் ஊர் ஊராகச் சோதனைக் கச்சேரிகள் நடத்தியது. மேடையில் ஒரு பாடகி. பக்கத்தில் அவருடைய குரலைப் பதிந்த தட்டைச் சுழற்றும் போனோகிராஃப். பாடகி அதோடு சேர்ந்து பாடுவார்; நடுவில் நிறுத்திவிடுவார்; தட்டு தொடரும். சில சமயம் விளக்கை அணைத்துவிடுவார்கள். எது மனிதக் குரல், எது யந்திரக் குரல் என்று சபையால் சொல்ல முடியவில்லை என்று விளம்பரம் செய்தார்கள். சபை பெரும்பாலும் அதை ஒப்புக்கொண்டது. இன்று அந்தத் தட்டுகளைக் கேட்டால் நமக்கு ஆச்சரியமாக இருக்கும். தகர டப்பாவுக்குள்ளிருந்து பாடுவது போல இருக்கிறது. அந்த மேடைகளில் பாடியவர்களில் ஒருவரான ஆன்னா கேஸ், தன் குரலை யந்திரத்தின் தன்மைக்குத் தகுந்தாற்போல அமைத்துக்கொண்டுதான் பாடியதாக வயதான காலத்தில் சொன்னார். அவர் முழுக் குரலில் பாடியிருந்தால் யந்திரம் தோற்றிருக்கும்.

ஆக யந்திரம் மனிதக் குரலுக்கு விசுவாசமாக இருந்தது என்பதற்கான நிரூபணம், ஒரு மனிதக் குரல் யந்திரத்துக்கு விசுவாசமாக நடந்துகொண்டதால் கிடைத்தது. இந்தச் செய்தியை முதலில் படித்தபோது அது ஒரு வியாபாரத் தந்திரம் என்று நினைத்து ரசித்தேன். என் வீட்டில் நடந்தது அதேதான் என்று அப்போது படவில்லை. ஃபேன் நின்றது. மிக்ஸி நின்றது. ஒரு குழந்தை கூடத்தைக் கடக்காமல் கொல்லைப்பக்கமாகச் சுற்றிப் போகக் கற்றுக்கொண்டது. பெட்டிகளின் துல்லியத்தை நான் வியந்துகொண்டிருந்த அந்த மௌனத்தை இரண்டு பேர் வியர்த்துக்கொண்டு தயாரித்துக் கொடுத்தார்கள்.

4

ஸ்டீரியோவின் ஆரம்பமே இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்து ஆசனங்களில் உட்கார்ந்து பேசிக்கொண்டதில்தான் என்று சொல்வார்கள். லண்டனில் இ.எம்.ஐ. கம்பெனியின் எஞ்சினியர் ஆலன் ப்ளம்லைன் 1931-ல் மனைவியோடு சினிமா பார்க்கப் போயிருந்தார். திரையில் ஆள் ஒரு ஓரத்தில் இருக்கிறான். குரல் வேறெங்கிருந்தோ வருகிறது. குரலை ஆளின் பின்னாலேயே போகச் செய்ய என்னிடம் ஒரு வழி இருக்கிறது என்று அவர் மனைவியிடம் சொன்னாராம். அந்த வருஷம் டிசம்பரில் அவர் தாக்கல் செய்த காப்புரிமை விண்ணப்பத்தில், ஒரே இசைத்தட்டுக் கோட்டின் இரு சுவர்களிலும் இரண்டு தனி ஒலிகளைச் செதுக்கும் முறையும் இருந்தது. 1942-ல், ராடார் சோதனைக்காகப் போன விமானம் விழுந்து இறந்தார். அவருக்கு 38 வயது. ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்தது 1958-ல்.

இதற்கு இன்னொரு கிளை உண்டு. 1933 ஏப்ரலில் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தார், ஃபிலடெல்ஃபியாவில் வாசித்த வாத்தியக் குழுவை டெலிபோன் கம்பிகள் வழியாக வாஷிங்டனில் ஒரு மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவர்கள் உபயோகித்தவை மூன்று வழிகள்: இடது, வலது, நடு. மண்டபத்தில் ஜனங்கள் பரந்து உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோரையும் நடுக்கோட்டில் உட்கார வைக்க முடியாது. நடுவில் ஒரு நிஜமான ஸ்பீக்கர் இருந்தால்தான் ஓரத்தில் இருப்பவனுக்கும் நடு என்று ஒன்று இருக்கும். சினிமா கடைப்பிடித்தது இந்த வழியைத்தான். 1940-ல் வந்த டிஸ்னியின் ஃபாண்டேஸியாவில் திரைக்குப் பின்னால் மூன்று ஸ்பீக்கர் வழிகள். 1953-ல் வந்த சினிமாஸ்கோப்பிலும் திரைக்குப் பின்னால் மூன்று. நாலாவது சபையைச் சுற்றி. தியேட்டரில் இடது ஓரச் சீட்டில் உட்கார்ந்து படம் பார்த்தவனுக்கும் கதாநாயகன் பேசுவது கதாநாயகன் வாயிலிருந்துதான் வந்தது. காரணம் அந்த நடு ஸ்பீக்கர்.

வீட்டுக்கு மட்டும் ஏன் இரண்டு வந்தது? இசைத்தட்டின் கோட்டுக்குச் சுவர்கள் இரண்டுதான் இருந்தன. மூன்றாவதைச் செதுக்க இடம் இல்லை. அழகியல் காரணம் எதுவும் இதில் இல்லை. தட்டில் இடம் இல்லாததால் நடு ஸ்பீக்கர் போயிற்று. அது இருந்த இடத்தில் ஆவி வந்து உட்கார்ந்தது. ஆவியைப் பார்க்க ஒரே ஒரு நாற்காலி மிஞ்சியது. பிறகு என்னைப் போன்றவர்கள் அந்த ஒற்றை நாற்காலியைச் சுற்றி ஒரு தத்துவத்தைக் கட்டினோம். தனிமை, ஒருமுகப்படுதல், சிரத்தை என்றெல்லாம் சொன்னோம்.

தியேட்டரைச் சுருக்கி வீட்டுக்குள் கொண்டுவரும் முயற்சி 1982-ல் டால்பியின் முதல் வீட்டு உபயோகச் சாதனங்களோடு தொடங்கியபோதும் நடு இல்லை. முன்னால் இரண்டு; பின்னால் சுற்றிவரும் ஒலிக்கு ஒரு வழி. 1987-ல் ப்ரோ லாஜிக் என்று வந்த அடுத்த முறையில்தான் நடு ஸ்பீக்கர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஹோம் தியேட்டர் என்று கடைகளில் விற்கும் சாதனத்தில் டெலிவிஷனுக்குக் கீழே படுத்த வாக்கில் இருக்குமே ஒரு பெட்டி, அதுதான். அதை நான் பல வருஷங்கள் கேலி செய்துகொண்டிருந்தேன். நடுவில்தான் ஏற்கனவே ஒருவர் பாடிக்கொண்டிருக்கிறாரே, பெட்டி எதற்கு என்பேன். என் மனைவி 1989-ல் கேட்ட கேள்வியும் ஏறக்குறைய இதே வார்த்தைகளில் இருந்தது என்பதைக் கவனிக்கவில்லை. எனக்கு நடுப்பெட்டி அநாவசியமாக இருந்தது. அவளுக்கு இடதுபெட்டி அநாவசியமாக இருந்தது. இரண்டு பேரும் தாங்கள் உட்கார்ந்த இடத்தைத்தான் சொன்னோம்.

நடுவில் உட்கார்ந்திருப்பவனுக்கு நடு ஸ்பீக்கர் தேவையில்லை. அது பக்கத்தில் இருப்பவர்களுக்காக இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு காது போக வேண்டியிருந்தது.

5

2021-ல் ஒருநாள் காலை எழுந்தபோது இடது காது அடைத்துக்கொண்டது போல இருந்தது. அழுக்கு என்று நினைத்து மூன்று வாரம் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். உள்காது சம்பந்தப்பட்டது, முதல் சில நாட்களிலேயே வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். கேட்கும் திறன் திரும்பவில்லை. வலது காது நன்றாக இருக்கிறது.

சில வாரங்கள் கழித்து என் நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கச்சேரியைப் போட்டேன். நடுவில் யாரும் இல்லை. இரண்டு காதுகளில் வந்து சேருவதை ஒப்பிட்டுத்தான் மனம் அந்த நடுவைக் கட்டுகிறது. ஒப்பிட இரண்டாவது இல்லை. பாடகர் வலது பக்கமாகப் போய்விட்டிருந்தார். வயலினும் அங்கேதான். மிருதங்கமும் ஏறக்குறைய அங்கேதான் எங்கேயோ. பெட்டிகள் அதே இடத்தில், நாற்காலி அதே புள்ளிகளில், முக்கோணம் அப்படியே.

துக்கமாகத்தான் இருந்தது. அதைக் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் துக்கத்தோடு இன்னொன்றும் வந்தது. இந்த ஒலியை நான் எங்கோ கேள்விப்பட்டிருக்கிறேன் என்று தோன்றியது. எல்லாம் ஒரே பெட்டியிலிருந்து வருகிறது. மற்றது எதற்கு என்று தெரியவில்லை. இதைத்தான் அவள் முப்பத்திரண்டு வருஷங்களுக்கு முன்னால் எனக்குச் சொன்னாள். நான் அதை ஒரு அபிப்பிராயமாக, அதுவும் ரசனை போதாத ஒருத்தியின் அபிப்பிராயமாக எடுத்துக்கொண்டேன். அவள் சொன்னது தகவல். தான் இருக்கும் இடத்தில் என்ன கேட்கிறது என்பதைப் பிசகில்லாமல் சொன்னாள். ஹாஸ் அளந்து சொன்னதைத்தான் அவளும் சொல்லியிருக்கிறாள். அதைச் சோதித்துப் பார்க்க நான் ஒன்றரை மீட்டர் நடந்துபோய் அந்த மடக்கு நாற்காலியில் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தால் போதும். ஒரு தடவைகூட உட்காரவில்லை.

அதிகச் சத்தம் பிறரைத் துன்புறுத்துகிறது என்பது நமக்குத் தெரியும். மார்கழிக் காலையில் கூம்பு ஸ்பீக்கர் தெருவையே எழுப்பும்போது கோபப்படுகிறோம். இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ல் போட்ட மத்திய அரசின் விதிகள் இருக்கின்றன. நானும் ஒரு தடவை மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒலியால் செய்யப்படும் அநீதி என்றால் என் மனதில் இருந்த சித்திரம் அந்தக் கூம்புதான். அது யாரையும் கேட்காமல் எல்லோருக்கும் கொடுக்கிறது. யாரையும் கேட்காமல் எல்லாவற்றையும் ஒருவனுக்கே கொடுப்பதும் அதன் மறுபக்கம் என்று மனுவில் எழுத முடியாது. அதனால் காவல் நிலையத்துக்குப் போகும்படியான தொந்தரவு யாருக்கும் இல்லை. பாதி சங்கீதம் கேட்டவர்கள் புகார் செய்வதில்லை. தங்களுக்கு ஈடுபாடு இல்லை என்று அவர்களே நம்பிவிடுகிறார்கள்.

6

2023-ல் மகள் ஒரு ஹோம் தியேட்டர் வாங்கிக் கொண்டுவந்தாள். முன்னால் மூன்று, பக்கங்களில் இரண்டு, தரையில் ஒரு சப்-வூஃபர். இந்த மாதிரிச் சாதனங்களோடு இப்போது ஒரு சின்ன மைக் தருகிறார்கள். அதை உட்காரும் இடத்தில் வைத்தால் சாதனம் ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் ஒரு சத்தத்தை எழுப்பி, அது வந்து சேரும் நேரத்தையும் அளவையும் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. மைக்கை ஒரே இடத்தில் வைத்தால் போதாது. ஆறு, எட்டு இடங்களில் மாற்றி மாற்றி வைக்கச் சொல்கிறது. முதல் இடத்தை என் நாற்காலிக்கு அளந்துவிட்டு, மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு மகள் கேட்டாள்: “அம்மா எங்கப்பா உக்காருவாங்க?”

அவள் அதை ஒரு குற்றச்சாட்டாகக் கேட்கவில்லை. சாதனம் கேட்டதை அவள் திருப்பிக் கேட்டாள். ஆனால் அந்தக் கூடத்தில் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது அதுதான் முதல் தடவை.

இந்த இடத்தில் நண்பர்கள் என்னை மறிப்பார்கள் என்று தெரியும். எட்டு இடத்துக்கும் பொதுவாகச் சரிசெய்த ஒலி எந்த இடத்திலும் பூரணமாக இராது; சராசரிதானே அது? எல்லோருக்கும் பொதுவாக எழுதியே நம் பெரும்பத்திரிகைகள் யாருக்கும் எதுவும் தராமல் போயின. அதை மறுத்துத்தானே முந்நூறு பிரதி அச்சடிக்கும் பத்திரிகைகள் வந்தன. அவையும் ஒரே நாற்காலியை உத்தேசித்தவைதானே. அந்த நாற்காலியையும் எடுத்துவிடச் சொல்கிறாயா?

இல்லை. கவிதையில் சில விஷயங்கள் அந்த நடு ஆவியைப் போலத்தான் நிகழ்கின்றன. இந்த வரியிலும் இல்லை, அந்த வரியிலும் இல்லை. இரண்டும் சமமாக இழுக்கும்போது இடையில், ஒன்றும் எழுதப்படாத இடத்தில் எழுகின்றன. அதற்கு வாசகன் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்து உட்கார வேண்டும். ஒரு முழம் நகர்ந்தால் போய்விடும். இதை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை. எல்லோருக்கும் சராசரியைப் பங்கிடுவது நீதி என்றும் நான் நம்பவில்லை.

ஆனால் நடு ஸ்பீக்கர் சராசரி அல்ல. ஆவி இருந்த இடத்தில் அது ஒரு உடம்பை வைக்கிறது. நடுவில் இருப்பவன் இதில் கொஞ்சம் இழக்கத்தான் இழக்கிறான். நடுப்பெட்டியின் குரல் பக்கப் பெட்டிகளின் குரலோடு முழுக்க ஒட்டாமல் போகலாம். வெறும் சுவரின் முன்னால் ஒரு மனிதன் தோன்றும் அதிசயம் மறைந்துவிடுகிறது. அந்த இழப்பை ஏற்கலாமா என்பது நியாயமான கேள்வி. சில இரவுகளில் ஏற்க வேண்டாம், ஒரு நாற்காலியே இருக்கட்டும் என்றுகூடச் சொல்வேன். ஆனால் அதற்கு முன்னால் அந்த அறையில் வேறு எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளாமல் பூரணத்தைப் பற்றிப் பேசியதுதான் என் தவறு. ஓரத்தில் இருந்த வாசகன் எங்கள் எழுத்தில் ஒரு பெட்டிதான் கேட்கிறது என்று சொன்னபோதெல்லாம் அவனை ரசனையற்றவன் என்று எழுதியிருக்கிறேன். அந்தக் கட்டுரைகளில் சில இதே பத்திரிகையில் வந்தவை. அவன் தன் இடத்தைச் சொன்னான். நான் அவன் தகுதியைச் சொன்னேன்.

ஒரே நாற்காலி இருந்ததையும் நான் குற்றமாக நினைக்கவில்லை. ஒரு நாற்காலியில் ஒருவர் மாற்றி ஒருவர் உட்காரலாம். முப்பத்திரண்டு வருஷங்களில் அவளுக்குக் கிடைத்தது பத்து நிமிஷம், அதுவும் பால் பொங்குகிற நேரத்தில்.

1979-ல் வந்த முதல் வாக்மேனில் ஹெட்ஃபோன் சொருக இரண்டு துளைகள் இருந்தன. ஒரு ஆரஞ்சுப் பொத்தானும் இருந்தது. அதை அழுத்தினால் பாட்டு தணிந்து, கேட்டுக்கொண்டிருக்கும் இரண்டு பேரும் ஒரு சின்ன மைக் வழியாகப் பேசிக்கொள்ளலாம். பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது ஒருவர் மட்டும் தனியாகக் கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றுமே என்று சோனியின் தலைவர் அகியோ மொரிடா கவலைப்பட்டிருக்கிறார். வாங்கியவர்கள் அப்படிக் கவலைப்படவில்லை. பின்னால் வந்த மாதிரிகளில் அந்தப் பொத்தான் இல்லை. இப்போது காதில் செருகும் சாதனங்களில் சில, தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து அதற்குத் தகுந்தபடி ஒலியை நகர்த்திக் கொடுக்கின்றன. எங்கே போனாலும் கேட்பவன் நடுவிலேயே இருக்கிறான். தரையில் நாலு புள்ளி வைத்து ஒரு நாற்காலியைக் காத்துக்கொண்டிருந்த என்னைவிட இவர்கள் வசதியானவர்கள். பக்கத்தில் இருப்பவர் என்ன கேட்கிறார் என்று யாரும் யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை.

7

புதுச் சாதனத்தில் அவள் பெரும்பாலும் சீரியல் பார்க்கிறாள். “இப்ப பேசறது புரியுது” என்பதுதான் அதைப் பற்றி அவள் சொன்ன ஒரே விமர்சனம். நான் அவளுக்கு இடதுபுறம் உட்கார்ந்துகொள்கிறேன். என் நல்ல காது அவள் பக்கம் இருந்தால்தான் அவள் பேசுவது எனக்குக் கேட்கும். நான் எங்கே உட்காருவது என்பதை இப்போது அவள் உட்காரும் இடம் தீர்மானிக்கிறது.

பழைய பெட்டிகளை விற்கவில்லை. போன மாதம் ஒருநாள் அவற்றுக்கு மறுபடி கம்பி இணைத்தேன். நாற்காலியைத் தூக்கி நான்கு புள்ளிகளின் மேல் வைத்தேன். புள்ளிகள் பாதி தேய்ந்திருந்தன. அவளை உட்காரச் சொன்னேன். எதற்கு என்று கேட்டாள். சும்மா உட்கார் என்றேன். உட்கார்ந்தாள். அந்தக் கச்சேரியைப் போட்டுவிட்டு நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டேன்.

“ஃபேனைப் போடுங்க, புழுங்குது” என்றாள்.

போட்டேன். முதல் உருப்படி முடிகிற வரையில் ஒன்றும் பேசாமல் இருந்தாள். நான்தான் பொறுக்காமல் கேட்டேன், நடுவில் தெரிகிறாரா என்று.

“தெரியறாரு.”

எனக்குத் தெரியவில்லை. இனித் தெரியப்போவதும் இல்லை. அவள் சொல்வதை நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. நம்பினேன். இரண்டாவது உருப்படி ஆரம்பித்தது; அவள் எழுந்திருக்கவில்லை.